ஒரு டாலர் உரிமை

நுழையும்முன்

நோய்க்கு மருந்து கண்டறிவது அறிவியலின் வெற்றி. அம்மருந்து ஏழையின் கைக்கும் எட்டுவது அறத்தின் வெற்றி. முதல் வெற்றி கிட்டிய பின்னும் இரண்டாவது கிட்டாமல் போவது உண்டு. நீரிழிவு நோயாளிகளின் உயிர்காக்கும் இன்சுலின் மருந்தை உலகிற்கு அளித்த குழுவின் முன்னோடி பிரெடரிக் பேன்டிங். அம்மருந்தின் உரிமையை அவரும் தோழர்களும் ஆளுக்கு ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்தனர். அவர்கள் ஏன் அவ்வாறு செய்தனர் என்பதையும், அந்தக் கொடை இன்று என்ன நிலையில் உள்ளது என்பதையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மருந்தில்லா நோய்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்துக் காட்டுகிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து கொடுப்பவர் என்பன அவை. இந்நான்கும் கூடினால் நோய் தீரும். ஆனால், நூறாண்டுகளுக்கு முன்புவரை முதல்வகை நீரிழிவு நோய்க்கு இந்நான்கனுள் மூன்று இருந்தும் மருந்து மட்டும் இல்லாதிருந்தது.

முதல்வகை நீரிழிவு பெரும்பாலும் குழந்தைகளையும் இளைஞர்களையும் தாக்குவது. உண்ணும் உணவிலிருந்து கிடைக்கும் சர்க்கரையை உடலின் செல்கள் ஏற்றுப் பயன்படுத்தக் கணையம் சுரக்கும் இன்சுலின் வேண்டும். அது சுரக்காவிட்டால் சர்க்கரை குருதியிலேயே தேங்கி, சிறுநீர் வழியே வெளியேறும். எவ்வளவு உண்டாலும் உடல் மெலியும்; தாகம் தீராது. இறுதியில் குருதியில் அமிலத்தன்மை மிகுந்து, நோயாளி நினைவிழந்து இறப்பார்.

அக்காலத்தில் மருத்துவர்களிடம் இருந்த வழி ஒன்றே. அது பட்டினி. அமெரிக்க மருத்துவர் பிரெடரிக் ஆலன் வகுத்த உணவுமுறையின்படி, உடல் தாங்கக்கூடிய மிகக் குறைந்த உணவே நோயாளிக்குத் தரப்பட்டது. வளரும் பருவத்துப் பிள்ளைகள் சிலர் நாளொன்றுக்கு 400 கலோரி அளவிலான உணவில் காலம் தள்ளினர். அது நோயைத் தீர்க்கவில்லை. இறப்பைச் சில மாதங்களோ சில ஆண்டுகளோ தள்ளிப்போட்டது. பசியென்று அழும் பிள்ளைக்கு உணவு தராதிருப்பதே மருத்துவம் என்னும் நிலையில் பெற்றோர் நின்றனர்.

உழவர் வீட்டுப் பிள்ளை

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் அலிஸ்டன் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணையொன்றில் 1891ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் பிரெடரிக் பேன்டிங் பிறந்தார். பெற்றோர் உழவர்கள். வீட்டின் கடைசிப் பிள்ளையான அவர், பள்ளியில் சிறந்து விளங்கிய மாணவர் அல்லர். டொரன்டோவில் கலைப்பாடப் பிரிவில் சேர்ந்து முதலாண்டிலேயே தேர்ச்சி பெறத் தவறினார். பிறகு 1912இல் மருத்துவப் படிப்பில் சேர்ந்தார்.

முதல் உலகப்போர் மூண்டது. படையில் சேர விரும்பிய அவரைப் பார்வைக் குறைபாட்டைக் காட்டி முதலில் ஏற்க மறுத்தனர். அவர் முயற்சியைக் கைவிடவில்லை. போரின் தேவை கருதி மருத்துவப் படிப்பு விரைவுபடுத்தப்பட, 1916இல் பட்டம் பெற்றுப் படை மருத்துவரானார். 1918இல் பிரான்சு நாட்டின் காம்ப்ரே போர்க்களத்தில் குண்டுச்சிதறல் பட்டு அவர் கை காயமுற்றது. அந்நிலையிலும் காயமுற்ற பிற வீரர்களுக்கு மணிக்கணக்கில் மருத்துவம் செய்தார். அத்துணிவுக்காகப் பிரித்தானிய அரசின் இராணுவச் சிலுவை விருது அவருக்கு வழங்கப்பட்டது.

போர் முடிந்து திரும்பியவருக்கு வாழ்க்கை எளிதாக அமையவில்லை. டொரன்டோவின் குழந்தைகள் மருத்துவமனையில் அறுவை மருத்துவப் பயிற்சி பெற்றும் அங்கு நிலையான பணி கிடைக்கவில்லை. 1920 சூலைத் திங்களில் ஒன்டாரியோவிலுள்ள லண்டன் நகரில் சொந்தமாக மருத்துவமனை தொடங்கினார். பல நாள்கள் ஒரு நோயாளிகூட வரவில்லை. முதல் மாத வருமானம் 4 டாலர் மட்டுமே. செலவுக்குப் பணம் வேண்டி, அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரச் செய்முறை ஆசிரியராகப் பணியேற்றார். பொருள் முட்டுப்பாடு என்னவென்பதை நேரில் அறிந்தவர் அவர் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

நள்ளிரவுக் குறிப்பு

1920 அக்டோபர் இறுதியில், உடல் மாவுப்பொருளைப் பயன்படுத்தும் முறை குறித்து மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டியிருந்தது. அது பேன்டிங்குக்கு நன்கு பழகிய பாடம் அன்று. எனவே இரவில் அமர்ந்து படித்தார். படுக்கைக்குச் செல்லுமுன், மோசஸ் பேரன் என்பவர் எழுதிய ஆய்வுக்கட்டுரை அவர் கண்ணில் பட்டது.

கணையத்துக்கும் நீரிழிவுக்கும் தொடர்புண்டு என்பது அப்போதே தெரிந்த செய்தி. 1869இல் லாங்கர்ஹான்ஸ் என்னும் செருமானிய அறிஞர் கணையத்துள் தனித்தனித் திட்டுகளாக அமைந்த செல்களைக் கண்டிருந்தார். 1889இல் மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் நாயின் கணையத்தை நீக்கினால் அதற்கு நீரிழிவு உண்டாவதைக் காட்டியிருந்தனர். ஆகவே, கணையத்திட்டுகளில் ஏதோ ஒரு சுரப்பு இருத்தல் வேண்டும் எனப் பலர் கருதினர். அதைப் பிரித்தெடுக்க முயன்றோரும் பலர். கணையத்தின் செரிமான நொதிகள் அச்சுரப்பைச் சிதைத்திருக்கலாம் என்பது அவர்தம் தோல்விக்குக் கூறப்பட்ட காரணம்.

கணைய நாளம் கல்லால் அடைபட்ட ஒருவரின் உடலில், செரிமான நொதிகளைச் சுரக்கும் பகுதி சுருங்கிவிட, திட்டுகள் மட்டும் கெடாமல் இருந்ததைப் பேரனின் கட்டுரை விளக்கியது. பேன்டிங்குக்கு உறக்கம் வரவில்லை. நாளத்தை நாமே கட்டிவிட்டால் என்ன? நொதி சுரக்கும் பகுதி அழிந்த பின் எஞ்சும் திட்டுகளிலிருந்து சுரப்பைச் சிதையாமல் எடுக்கலாமே! பின்னிரவு 2 மணியளவில் எழுந்து இக்கருத்தைத் தம் குறிப்பேட்டில் சில வரிகளில் எழுதிவைத்தார். பின்னாளில் அக்கருத்தின் சில கூறுகள் தேவையற்றவை எனத் தெரியவந்தது. ஆயினும் அக்குறிப்பே அவரை ஆய்வகத்தின் வாயிலுக்கு அழைத்துச் சென்றது.

கோடைக்கால ஆய்வு

டொரன்டோ பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் பேராசிரியர் மெக்லியாட், இத்துறையில் உலகறிந்த அறிஞர். ஆய்வு அனுபவமோ இத்துறையில் ஆழ்ந்த படிப்போ இல்லாத இளம் அறுவை மருத்துவரின் திட்டம் அவருக்கு முழு நம்பிக்கை தரவில்லை. எனினும், ஆய்வகத்தில் இடமும், சில நாய்களும், ஓர் உதவியாளரும் தர இசைந்தார். அவ்வுதவியாளர், பட்டப்படிப்பை அப்போதுதான் முடித்திருந்த 22 வயது சார்லஸ் பெஸ்ட்.

1921 மே மாதம் பணி தொடங்கியது. கோடை வெயிலில், வசதி குறைந்த அறையில், ஊதியமின்றிப் பேன்டிங் உழைத்தார். தொடக்கத்தில் தோல்விகளே மிகுதி. அறுவைக்குட்பட்ட நாய்கள் பல இறந்தன. சூலை இறுதியில், கணையம் நீக்கப்பட்ட நாயொன்றுக்குத் தாங்கள் எடுத்த சாற்றைச் செலுத்தியபோது, அதன் குருதிச் சர்க்கரை குறைவதைக் கண்டனர். பின்னர் மார்ஜரி என்னும் நாய், கணையம் இன்றியே சாற்றின் துணையால் ஏறத்தாழ 70 நாள்கள் உயிர் வாழ்ந்தது. இறைச்சிக் கூடங்களில் கிடைத்த மாட்டுக் கணையத்திலிருந்து ஆல்ககாலின் உதவியால் சாற்றைப் பிரிக்கலாம் என்பதும் தெளிவாயிற்று.

சாறு கிடைத்தது, தூய்மை கிட்டவில்லை. அவ்வாண்டு இறுதியில் ஜேம்ஸ் காலிப் என்னும் உயிர்வேதியியல் அறிஞர் குழுவில் இணைந்து, தூய்மைப்படுத்தும் பணியை ஏற்றார். இதே காலத்தில் ருமேனியா நாட்டின் பவுலெஸ்குவும் கணையச் சாறு குருதிச் சர்க்கரையைக் குறைப்பதை 1921இலேயே வெளியிட்டிருந்தார். அறிவியலில் ஒரு கண்டுபிடிப்பு தனியொருவரின் சொத்தாக அமைவது அரிது என்பதற்கு இன்சுலின் வரலாறு சான்றாகும்.

பதினான்கு வயதுச் சிறுவன்

1922 சனவரி 11ஆம் நாள், டொரன்டோ பொது மருத்துவமனையில் லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவன் இறக்கும் தறுவாயில் கிடந்தான். அவன் எடை 30 கிலோகிராமுக்கும் குறைவு. அவனுக்குப் பேன்டிங்கும் பெஸ்ட்டும் எடுத்த சாறு ஊசி வழியே செலுத்தப்பட்டது. குருதிச் சர்க்கரை சற்றே குறைந்தது. ஆனால், சாற்றில் இருந்த மாசுகளால் ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி தோன்றியது. ஊசி நிறுத்தப்பட்டது.

காலிப் இரவும் பகலும் உழைத்தார். சனவரி 23ஆம் நாள், அவர் தூய்மைப்படுத்திய சாறு அச்சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. ஒரே நாளில் குருதிச் சர்க்கரை 520 மில்லிகிராமிலிருந்து 120 மில்லிகிராமாக இறங்கியது. சிறுவன் தெளிவடைந்தான், எழுந்து நடமாடினான். அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இறப்பன்றி வேறு முடிவில்லை எனப்பட்ட நோய், ஊசிமருந்தால் கட்டுக்குள் வைக்கத்தக்க நோயாக மாறியது.

அவ்வாண்டு ஆகத்து மாதம், எலிசபெத் ஹியூஸ் என்னும் சிறுமி அழைத்துவரப்பட்டாள். மூன்றாண்டுப் பட்டினி மருத்துவத்தால், 15 வயதை எட்டவிருந்த அவளது எடை ஏறத்தாழ 20 கிலோகிராமாகக் குறைந்திருந்தது. பேன்டிங் அவளுக்கு இன்சுலின் தந்து, வயிறார உண்ணவும் பணித்தார். அவள் வளர்ந்து, மணம் முடித்து, 73 வயது வரை வாழ்ந்தாள்.

எலிசபெத்தின் தந்தை அமெரிக்க நாட்டின் வெளியுறவுச் செயலர். அவள் பிழைத்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், மருந்து மிக அரிதாயிருந்த அந்நாள்களில் எத்தனையோ பெற்றோரின் கடிதங்களுக்கு இல்லை என்னும் விடையே செல்ல நேர்ந்தது. யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்னும் கேள்வி இன்சுலினோடு உடன்பிறந்த கேள்வி எனலாம்.

உரிமை யாருக்கு?

உயிர்காக்கும் மருந்து கையில் வந்தவுடன் ஒற்றுமை பிறக்கவில்லை, பூசல் பிறந்தது. பேன்டிங் எளிதில் சினம் கொள்பவர். தம் கண்டுபிடிப்பின் பெருமையை மெக்லியாட் கவர்ந்துகொள்கிறார் என்னும் ஐயம் அவரை வாட்டியது. தூய்மைப்படுத்தும் முறையைத் தோழர்களுக்குக் கூற மறுத்து, தனியே காப்புரிமை பெறவும் காலிப் எண்ணியதாகத் தெரிந்தபோது, இருவருக்கும் இடையே கடும் மோதல் மூண்டது. அப்பூசல் முற்றியிருந்தால் இன்சுலினின் வரலாறு வேறாகியிருக்கும். ஆனால் சனவரி 25ஆம் நாள் அனைவரும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். எவரும் தனியே காப்புரிமை கோருவதில்லை என்பதும், வணிக நிறுவனங்களோடு தனியே சேர்வதில்லை என்பதும் அவ்வுடன்பாட்டின் சாரம்.

காப்புரிமை என்பது, ஒரு கண்டுபிடிப்பைக் குறிப்பிட்ட காலம்வரை பிறர் இசைவின்றிச் செய்யவோ விற்கவோ கூடாதெனத் தடுக்கும் சட்ட உரிமை. அவ்வுரிமை உடையவர் சொல்வதே விலை. மாற்றுப்பொருள் இல்லாத உயிர்காக்கும் மருந்துக்கு வாங்குபவர் விலை பேச இயலாது. ஓர் ஆடை விலை மிகுதியெனில் வாங்காமல் திரும்பலாம். இன்சுலினை வாங்காமல் திரும்பினால் சில நாள்களிலேயே உயிர் பிரியும்.

அப்படியாயின் காப்புரிமையே பெறாமல் விட்டுவிடலாமே என்னும் எண்ணம் எழலாம். அதிலும் இடர் உண்டு. ஊர்ப் பொதுக்கிணற்றை எவர் பெயரிலும் பதியாமல் விட்டால், என்றேனும் ஒருவர் அதைச் சுற்றி வேலியிட்டுத் தமதெனக் கூறக்கூடும். ஊரின் பெயரில் பதிந்துவைத்தால் அவ்வச்சம் இல்லை. நீர் இறைப்போரைத் தடுப்பது அப்பதிவின் நோக்கமன்று. வேலி போடுவோரைத் தடுப்பதே நோக்கம். இன்சுலின் குழுவினரும் இவ்வாறே எண்ணினர். 1922 ஏப்பிரலில் பல்கலைக்கழகத் தலைவருக்குக் கடிதம் எழுதி, பிறர் தனியுரிமை பெறாதவாறு காப்பதற்காகவே காப்புரிமை பெறப் பரிந்துரைத்தனர்.

பேன்டிங்குக்கு அப்போதும் தயக்கம் இருந்தது. மருத்துவராக உறுதிமொழி ஏற்ற ஒருவர், உயிர்காக்கும் மருந்தின் மீது தம் பெயரில் உரிமை கோருவது முறையன்று எனக் கருதினார். ஆகவே முதல் விண்ணப்பத்தில் அவர் பெயர் இடம்பெறவில்லை. சட்ட வல்லுநர்கள் அவர் பெயர் இல்லாவிடில் காப்புரிமை நிலைக்காது என விளக்கிய பிறகே இசைந்தார். 1923 சனவரியில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பேன்டிங், பெஸ்ட், காலிப் ஆகிய மூவரும் ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு தம் உரிமையை டொரன்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தனர். அந்த ஒரு டாலர் மருந்தின் விலையன்று. உரிமை கைமாறியதற்கான சட்ட அடையாளம்.

உரிமையைக் கொடுத்தால் மட்டும் மருந்து பெருகிவிடுவதில்லை. 1922 இளவேனிலில், பேரளவில் செய்ய முனைந்தபோது சாறு வீரியமின்றிப் போயிற்று. பல வாரங்கள் மருந்துப் பஞ்சம் நிலவியது. பல்கலைக்கழகத்தின் கொனாட் ஆய்வகத்தால் மட்டும் உலகின் தேவையை நிறைவு செய்ய இயலவில்லை. எனவே எலி லில்லி என்னும் அமெரிக்க நிறுவனத்தோடு ஓராண்டுக்கு மட்டும் தனி ஒப்பந்தம் செய்யப்பட்டது. அந்நிறுவனம் கண்ட புதிய தூய்மைமுறை மருந்தின் தரத்தையும் அளவையும் உயர்த்தியது. அம்முறைக்கு அந்நிறுவனம் தனிக் காப்புரிமை நாடியபோது, புதிய முறைகளையும் பொதுவில் பகிரும் ஏற்பாட்டைப் பல்கலைக்கழகம் வலியுறுத்தி நிலைநாட்டியது.

பல்கலைக்கழகத்தின் இன்சுலின் குழு பல நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கியது. உருவாக்கப்படும் மருந்தின் தரத்தையும் சோதித்தது. பிரித்தானியாவுக்கான உரிமை அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நோபல் பரிசு பெற்ற டென்மார்க் அறிஞர் ஆகஸ்ட் குரோ, நீரிழிவு நோயாளியான தம் மனைவி மேரியின் தூண்டுதலால் டொரன்டோவுக்கு வந்து, உற்பத்திக்கான இசைவைப் பெற்றுச் சென்றார். பலர் செய்யலாயினர், உற்பத்தி பெருகப் பெருக விலை இறங்கியது. தரம் கெடாத மருந்தை, பலர் செய்ய, எளிய விலையில் தருவது என்னும் மூன்று கூறுகளையும் அவ்வேற்பாடு ஒருங்கே கொண்டிருந்தது.

பரிசும் பகிர்வும்

1923ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு பேன்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் வழங்கப்பட்டது. அப்பரிசைப் பெற்றோருள் இன்றளவும் மிக இளையவர் பேன்டிங்கே. தம் தோழர் பெஸ்ட்டின் பெயர் விடுபட்டதைப் பேன்டிங் பொறுக்கவில்லை. தம் பங்குத் தொகையில் பாதியைப் பெஸ்ட்டுக்கு அளித்தார். மெக்லியாடும் தம் பங்கில் பாதியைக் காலிப்புக்கு அளித்தார். மனத்தாங்கல் தீராத அந்நால்வரும் இறுதியில் பரிசைப் பகிர்ந்துகொண்டது குறிப்பிடத்தக்கது.

கனடா நாடாளுமன்றம், பேன்டிங்குக்கு ஆண்டுதோறும் 7,500 டாலர் வாழ்நாள் உதவித்தொகை வழங்கத் தீர்மானித்தது. மருந்தை விற்றுப் பொருளீட்டாத அறிவியலாளரைப் பொதுப்பணத்தால் ஒரு நாடு தாங்கியது. பொதுநலம் நாடி உழைப்பவரைப் பொதுமக்கள் போற்ற வேண்டும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

பேன்டிங் ஓவியரும் ஆவார். புகழின் நெருக்கடியிலிருந்து விலகி, ஏ. ஒய். ஜாக்சன் என்னும் புகழ்பெற்ற ஓவியரோடு பனிசூழ்ந்த வடபகுதிகளுக்குச் சென்று இயற்கைக் காட்சிகளைத் தீட்டினார். 1934இல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது.

இரண்டாம் உலகப்போரின்போது மீண்டும் நாட்டுப்பணியில் ஈடுபட்டார். விரைந்து திரும்பும் விமானங்களில் விமானிகள் நினைவிழப்பதைத் தடுக்கும் உடை அவருடைய துறையில் பணியாற்றிய வில்பர் பிராங்க்ஸ் என்பவரால் உருவாக்கப்பட்டது. 1941 பிப்ரவரியில் இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்ட பேன்டிங்கின் விமானம் நியூஃபவுண்ட்லாந்துப் பகுதியில் விழுந்து நொறுங்கியது. பிப்ரவரி 21ஆம் நாள், தமது 49ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார்.

தெரியுமா?

பேன்டிங் பிறந்த நவம்பர் 14ஆம் நாள் உலக நீரிழிவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நம் நாட்டில் குழந்தைகள் நாளும் அன்றே. இன்சுலினால் முதலில் உயிர் பிழைத்தோரில் பலர் குழந்தைகள் என்பது இவ்விரு நாள்களையும் இணைத்து எண்ணத் தூண்டுகிறது.

நூறாண்டுக்குப் பின்

ஒரு டாலர் பெற்றுக்கொண்டு கொடுத்த மருந்து இன்று எல்லார்க்கும் எளிதில் கிடைக்கிறதா? இல்லை என்பதே வருத்தத்திற்குரிய விடை.

அன்றைய இன்சுலின் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. 1978இல் மரபணுப் பொறியியல் முறையில் நுண்ணுயிரிகளைக் கொண்டு மனித இன்சுலின் உருவாக்கப்பட்டது. 1982இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. அடுத்து, விரைந்து செயல்படுபவை, நெடுநேரம் செயல்படுபவை எனத் திருத்தி அமைக்கப்பட்ட இன்சுலின் வகைகள் தோன்றின. நோயாளிக்கு இவை உண்மையிலேயே பயன் தந்தன. புதிய ஆராய்ச்சிக்குப் பெரும்பொருள் செலவாகும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால், ஒவ்வொரு மாற்றமும் புதிய காப்புரிமையைக் கொண்டுவந்தது. டொரன்டோ அளித்த கொடை முதல் இன்சுலினைக் காத்தது. பின்வந்த வகைகளைக் காக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. உலக இன்சுலின் சந்தையின் 90 விழுக்காட்டுக்கு மேல் மூன்றே நிறுவனங்களின் கையில் சேர்ந்தது.

இதன் விளைவு அமெரிக்காவில் மிகத் தெளிவாகத் தெரிந்தது. 1990களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 21 டாலருக்கு விற்ற விரைவு இன்சுலின் குப்பி ஒன்றின் விலை, இருபது ஆண்டுகளில் 270 டாலரைக் கடந்தது. குப்பிக்குள் இருந்த மருந்து மாறவில்லை. விலை மட்டும் மாறியது. ஏல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நீரிழிவு மையத்தில் நடைபெற்று 2019இல் வெளியான ஆய்வில், நோயாளிகளுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் விலை காரணமாக இன்சுலினைக் குறைத்துப் போட்டுக்கொண்டது தெரியவந்தது. உணவைக் குறைத்து உயிரை நீட்டிய காலம் போய், மருந்தைக் குறைத்து உயிரைப் பணயம் வைக்கும் காலம் செல்வம் மிக்க நாட்டிலேயே வந்தது.

இன்சுலின் செய்வதற்கே அவ்வளவு செலவாகிறதா? 2018இல் வெளியான ஆய்வொன்று, ஒரு நோயாளிக்கு ஓராண்டுக்குத் தேவையான மனித இன்சுலினை 48 முதல் 71 டாலருக்கும், திருத்திய வகைகளை 78 முதல் 133 டாலருக்கும் தர இயலும் எனக் கணக்கிட்டது. எனவே, விலையேற்றத்தின் வேர் உற்பத்திச் செலவில் இல்லை. போட்டியின்மையிலும் விற்பனை முறைகளிலும் உள்ளது.

மாற்றுவழிகளும் உண்டு. காப்புரிமைக் காலம் முடிந்த இன்சுலினுக்கு இணையான தரமும் பயனும் உடையதாகப் பிற நிறுவனங்கள் செய்யும் மருந்தை உயிரி ஒப்புமை மருந்து என்பர். பலர் செய்யும்போது போட்டி உண்டாகிறது, விலை குறைகிறது. உலக நலவாழ்வு அமைப்பு 2021இல் நெடுநேரம் செயல்படும் திருத்திய இன்சுலின்களையும் அவற்றின் ஒப்புமை மருந்துகளையும் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் மனித இன்சுலின் இன்றியமையா மருந்துகளின் தேசியப் பட்டியலில் இடம்பெற்று, விலைக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுள்ளது. அமெரிக்காவில் முதியோர் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் வருவோர்க்கு, 2023 முதல் ஒரு மாத இன்சுலினுக்கான கட்டணம் 35 டாலருக்கு மிகாமல் வரம்பிடப்பட்டது. அதே ஆண்டில் பெரு நிறுவனங்களும் தம் விலையைக் குறைப்பதாக அறிவித்தன. மக்கள் குரலும் சட்டமும் போட்டியும் சேர்ந்தால் விலை இறங்கும் என்பதை இது மெய்ப்பிக்கிறது.

பேன்டிங் நள்ளிரவில் குறிப்பெழுதிய லண்டன் நகர வீடு இன்று நினைவில்லமாக விளங்குகிறது. அங்கு 1989இல் ஏற்றப்பட்ட நம்பிக்கைச் சுடர் அணையாமல் எரிகிறது. நீரிழிவை முற்றிலும் நீக்கும் வழி கண்டறியப்படும் நாளில்தான் அதனை அணைப்பதென உறுதி பூண்டுள்ளனர். அந்நாள் வரும்வரை நோயாளிகள் உயிர்வாழ இன்சுலின் வேண்டும். பேன்டிங்கும் தோழர்களும் தங்கள் தலைமுறைக்குரிய மருந்துக்கு வேலி விழாமல் காத்தனர். ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிய மருந்துகள் வருகின்றன. புதிய வேலிகளும் வருகின்றன. அவற்றை நோயாளியின் பக்கம் நின்று பார்க்கும் பொறுப்பு, நாளை அறிவியலாளராகவும் மருத்துவராகவும் சட்டம் இயற்றுவோராகவும் ஆகவிருக்கும் மாணவர்களாகிய உங்களுக்கு உரியது.

கற்பவை கற்றபின்...

1. காப்புரிமை புதிய ஆராய்ச்சிக்கு ஊக்கமளிக்கிறதா, மருந்தை எளியோரிடமிருந்து விலக்குகிறதா? இருதரப்புக் கருத்துகளையும் தொகுத்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

2. பொதுக்கிணற்றை ஊரின் பெயரில் பதிவதற்கும், இன்சுலின் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்ததற்கும் உள்ள ஒப்புமையை உம் சொற்களில் ஒரு பத்தியில் எழுதுக.

3. உங்கள் பகுதி மருந்துக்கடையில், ஒரே மருந்து வெவ்வேறு நிறுவனப் பெயர்களில் விற்கப்படும் விலைகளைக் கேட்டறிந்து அட்டவணைப்படுத்துக. மருத்துவரின் அறிவுரையின்றி மருந்தை மாற்றக்கூடாது என்பதற்கான காரணங்களையும் குறிப்பிடுக.